கசியாத கலம்

மர வள்ளங்களே கடலாடிய காலத்தில், துறைமுகக் கரைகளில் கலப்பற்று என்னும் தொழில் மதிப்புப் பெற்றிருந்தது. பலகையும் பலகையும் சேரும் பொருத்துவாயில் பஞ்சையோ நாரையோ திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த பூச்சினால் நீர் புகாமல் அடைப்பதே அத்தொழில். ஆயினும் அடைப்பு எத்துணை நல்லதாயினும், வள்ளத்தின் உள்ளே நிற்கும் விலாச் சட்டங்கள் தளர்ந்துவிட்டால் அது நிலைக்காது. சட்டம் தளர்ந்தால் பலகை அசையும். பலகை அசைந்தால் பொருத்துவாய் விரியும். விரிந்த வழியே கடல் உட்புகும். ஆகவே, வள்ளத்தைக் கசியாமற் காப்பது அடைப்பு மாத்திரம் அன்று. அவ்வடைப்பை உள்ளிருந்து தாங்கும் கட்டுக்கோப்பும் ஆகும். இதனைத் திருக்கோணமலைக் கடற்றொழிலாளர் தம் முன்னோரிடமிருந்து கேட்டறிந்திருப்பர்.

மரக்கலத்துக்குரிய இவ்வுண்மை உயிர்க்கலத்துக்கும் உரியது. உயிர்களின் உடலை ஆக்கும் நுண்ணிய அலகை ஈழத்துப் பாடநூல்கள் ‘கலம்’ என்றே குறிக்கின்றன. தமிழகத்தில் அதனை உயிரணு என்றும் செல் என்றும் வழங்குவர். கலத்தோடு கலம் சேரும் பொருத்துவாய் எவ்வாறு அடைக்கப்படுகிறது? அவ்வடைப்பைத் தாங்குவது யாது? அது தளர்ந்தால் நேர்வது என்ன? இவ்வினாக்கள் ஆய்வுகூடத்துக்கு மாத்திரம் உரியவை அல்ல. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இம்மாவட்டத்துக் கிண்ணியாவில் பல குடும்பங்களை வருத்திய டெங்குக் காய்ச்சல், தன் கொடுமையை இத்தகைய பொருத்துவாய்களிலேயே காட்டியது.

முதலில் உடலின் அமைப்பை நோக்குவோம். தோல், வாய், குடல், சிறுநீர்க் குழாய்கள் ஆகிய யாவற்றின் மேற்பரப்பையும் போர்த்தி நிற்கும் கலங்களின் வரிசை மேலணி எனப்படும். தோலில் அது பல அடுக்காக உள்ளது. குடலிலோ ஓர் அடுக்கே உண்டு. அவ்வடுக்கின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. அதன் ஒரு புறத்தில் உண்ட உணவும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் இருக்கின்றன. மறுபுறத்தில் தூய குருதி ஓடுகிறது. மனிதனது குடலின் உட்பரப்பை, அதன் மடிப்புகளையும் நுண்விரல்களையும் சேர்த்து விரித்தால், ஏறத்தாழ 30 சதுர மீற்றர் தேறும். அஃது ஒரு சிறு வகுப்பறையின் தரைக்கு ஒப்பாகும். இத்துணைப் பெரிய பரப்பை ஒரே அடுக்குக் கலங்கள் காத்து நிற்கின்றன. உணவின் சாரத்தை உள்ளே விடுதல் வேண்டும். நஞ்சையும் நுண்ணுயிரையும் தடுத்தல் வேண்டும். கலத்தின் ஊடாகச் செல்வனவற்றைக் கலத்தின் மென்சவ்வே தெரிந்தெடுக்கும். ஆனால் இரு கலங்களுக்கும் இடையிலுள்ள சந்து வழியாக யாதும் நுழைந்துவிட்டால், அத்தெரிவு பயனற்றுப் போகும்.

அச்சந்தைச் சீமெந்து போன்றதொரு பசை அடைத்து நிற்கிறது என்றே பழைய ஆய்வாளர் பலர் கருதினர். சாதாரண நுணுக்குக்காட்டியில் கலங்களின் எல்லையில் ஒரு கரிய கோடு தெரிந்ததேயன்றி, அதன் உள்ளமைப்புப் புலப்படவில்லை. இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. 1963ஆம் ஆண்டில் நியூயோர்க்கில், மர்லின் பார்க்குவார் என்னும் அம்மையாரும் ஜோர்ஜ் பலாடே என்பவரும் பல உறுப்புகளின் மேலணிகளை ஆராய்ந்து, அக்கோடு ஒரு பசையன்று, ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த சந்திகளின் தொகுதி என்று காட்டினர். உச்சியில் இரு கலங்களின் சவ்வுகளும் இடைவெளியின்றி நெருங்கிக் கலத்தைச் சுற்றி ஒரு வளையமாக ஓடின. அதனை இறுக்கச் சந்தி என்பர். அதன் கீழே சற்று இடைவெளி விட்டு இரு கலங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தன. அதனை ஒட்டற் சந்தி என்பர். பலாடே கலங்களைப் பற்றிய தம் ஆய்வுகளுக்காக 1974ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இச்சந்திகள் எப்பொருளால் ஆனவை என்பதை அறியப் பின்னும் பல்லாண்டுகள் சென்றன. யப்பானிய அறிஞர் சோயிசிரோ சுக்கிதாவின் குழுவினர் 1993ஆம் ஆண்டில் ஒக்குளுடின் என்னும் புரதத்தையும், 1998ஆம் ஆண்டில் குளோடின் என்னும் புரதத்தையும் கண்டனர். குளோடின் என்னும் பெயர், அடைத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. ஒரு கலத்தின் குளோடின்கள் அயற்கலத்தின் குளோடின்களோடு கோத்துக்கொண்டு, மணிமாலை போன்ற வரிசைகளாகச் சந்தை அடைக்கின்றன. வள்ளத்தின் பொருத்துவாயில் திணித்த பஞ்சுக்கும் குங்கிலியத்துக்கும் ஒப்பானவை இவையே. ஒட்டற் சந்தியிலோ காதெரின் என்னும் புரதங்கள் கைகோத்து நிற்கின்றன. கல்சியம் இருந்தாலன்றி அவற்றின் பிடி நிலைக்காது. கலங்களைச் சூழ்ந்த நீரிலிருந்து கல்சியத்தை நீக்கினால், ஒன்றிநின்ற கலங்கள் பிரியத் தொடங்கும்.

அடைப்பு இதுவாயின், விலாச் சட்டம் எது? கலத்தின் உள்ளே இருப்பது வெறும் பாகு அன்று. அதனுள் நுண்ணிய புரத நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பரந்து, கலத்துக்கு உருவமும் உறுதியும் தருகின்றன. இந்நார்க்கட்டைக் குழியவன்கூடு என்பர். நம் எலும்புக்கூடு போல அது நிலையானதன்று. கணந்தோறும் கட்டப்பட்டும் பிரிக்கப்பட்டும் வருவது. அதன் நார்களுள் மெல்லியது அக்டின் இழை. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அக்கூறுகளுள் ஏழே அதன் விட்டம். 1942ஆம் ஆண்டில் அங்கேரி நாட்டுச் செகெட் நகரில் புரூனோ இசுத்திரவுப் என்பவர் இதனைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தார். தசையைச் சுருக்கும் பொருள் என்றே முதலில் அறியப்பட்ட இது, பின்னர் உடலின் கலங்கள் யாவற்றிலும் உள்ளது எனத் தெரிந்தது.

மேலணிக் கலத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே, இவ்வக்டின் இழைகள் திரண்டு, இடுப்பிற் கட்டிய கச்சை போலக் கலத்தைச் சுற்றி ஓடுகின்றன. தசையில் அக்டினை இழுக்கும் மயோசின் என்னும் புரதம் இக்கச்சையிலும் உண்டு. ஒரு கலத்தின் கச்சை சந்தியின் வழியே அயற்கலத்தின் கச்சையோடு பிணைக்கப்பட்டுள்ளது. ஒட்டற் சந்தியில் காதெரினையும் அக்டினையும் இணைப்பவை கட்டெனின் என்னும் புரதங்கள். இறுக்கச் சந்தியில் இவ்வேலையைச் செய்வனவற்றுள் முதன்மையானது இசெட்-ஓ-ஒன்று எனப்படும் புரதம். 1986ஆம் ஆண்டில் அறியப்பட்ட அது, ஒரு முனையால் குளோடினையும் மற்றொரு முனையால் அக்டினையும் பற்றி நிற்கும் முடிச்சு. அம்முடிச்சு அவிழ்ந்தால், அடைப்பு ஒரு புறமும் சட்டம் ஒரு புறமுமாகத் தனித்துவிடும்.

இக்கச்சையின் பயனைப் பரிசோதனைகள் தெளிவாக்கின. ஒரு வகைப் பூஞ்சணத்திலிருந்து கிடைக்கும் சைற்றோகலசின் என்னும் நஞ்சும், செங்கடற் பஞ்சுயிரி ஒன்றிலிருந்து கிடைக்கும் இலற்றுரங்குலின் என்னும் நஞ்சும் அக்டின் இழைகளைக் குலைக்க வல்லவை. அவற்றை மேலணிக் கலங்களின் மீது இட்டால், சந்திகளின் புரதங்களை நேரே தாக்காதபோதிலும், அடைப்புக் கசியத் தொடங்குகிறது. சட்டத்தை அகற்றினால் கலப்பற்று நில்லாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனின், கச்சையை இறுக்க இறுக்கச் சுவர் வலுப்பெறுமோ? அதுவும் இல்லை. மத்தளத்தின் வார் தளர்ந்தால் ஓசை எழாது. அளவுக்கு மிஞ்சி இறுகினால் தோல் கிழியும். அவ்வாறே, மயோசின் அளவோடு இழுக்கும்போது கலங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. நோயினாலோ அழற்சியினாலோ அவ்விழுப்பு மிகுந்துவிட்டால், ஒவ்வொரு கலமும் தன்பாற் சுருங்கி, அயற்கலத்தின் பிடியை விடுகிறது. ஆகவே, சுவரைக் காப்பது இறுக்கமும் அன்று, தளர்ச்சியும் அன்று; இரண்டுக்கும் இடைப்பட்ட அளவே.

மரக்கலத்துக்கும் உயிர்க்கலத்துக்கும் உள்ள ஒப்புமை இவ்விடத்தில் முடிவுறுகிறது. மரக்கலம் பழுதுற்றால் கரையேற்றித்தான் திருத்த வேண்டும். உயிர்க்கலமோ கடலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னைத் திருத்திக்கொள்ளும். குடலின் மேலணிக் கலங்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் முற்றாகப் புதுப்பிக்கப்படுகின்றன. ஒரு கலம் மடியுங்கால், சூழ நிற்கும் கலங்கள் அக்டின் வளையத்தை இறுக்கி, அதனை மேலே தள்ளி, தாம் நெருங்கி, அவ்விடத்தை மூடிவிடுகின்றன. பலகையைக் கழற்றும்போதும் நீர் புகுவதில்லை. இன்னும் நுண்ணியதொரு திருத்தமும் உண்டு. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தவளையின் கருக்களை ஆராய்ந்து, இறுக்கச் சந்தியில் சிறு கசிவு தோன்றிய அவ்விடத்திலேயே, கலம் ரோ என்னும் புரதத்தைச் சிறிது நேரம் தூண்டி, அக்டினைத் திரட்டி, சந்தியைச் சுருக்கிக் கசிவை அடைப்பதைக் கண்டனர். கலங்கள் நீண்டும் மடங்கியும் அசையும்போதெல்லாம் இவ்வாறு சிறு திருத்தங்கள் ஓயாமல் நிகழ்கின்றன.

இனிக் கிண்ணியாவுக்கு வருவோம். குருதிக் குழாய்களின் உட்புறத்தையும் ஓர் அடுக்குக் கலங்களே போர்த்தியுள்ளன. அதனை அகவணி என்பர். அது மேலணிக்கு நெருங்கிய உறவினம். அங்கும் குளோடின் உண்டு, காதெரின் உண்டு, இசெட்-ஓ-ஒன்று உண்டு, அவற்றைத் தாங்கும் அக்டின் இழைகளும் உண்டு. குருதியின் நீரைக் குழாய்க்குள் நிறுத்தி வைப்பது இச்சுவரே.

கொட்டியாரக் குடாவை அடுத்த கிண்ணியா, 2009ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்படும்வரை, திருக்கோணமலை நகரிலிருந்து பாதை ஓடத்தில் சென்றடைய வேண்டிய ஊராக இருந்தது. 2017ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் அங்கே டெங்கு கடுமையாகப் பரவிற்று. உயிர்கள் பல பிரிந்தன. மார்ச்சு மாதத்தில் பாடசாலைகள் சில நாள் மூடப்பட்டன. பின்னர் நோய் நாடெங்கும் பரவி, அவ்வாண்டில் 186,000 பேருக்கு மேல் நோயுற்றதாகப் பதிவாயிற்று; 400 பேருக்கு மேல் மாண்டனர். இலங்கையில் அதுவரை அத்துணைப் பெரிய டெங்குப் பரவல் நிகழ்ந்ததில்லை.

டெங்கு உயிரைக் கவர்வது எவ்வாறு? காய்ச்சலின் வெப்பமே கொல்லும் என்பர் சிலர். குருதிச் சிறுதட்டுக்கள் குறைவதே கேடு என்பர் பலர். அவ்வெண்ணிக்கையையே நாள்தோறும் கேட்டுக் கலங்குவர். சிறுதட்டுக் குறைவு கவனிக்கத்தக்கதே. ஆயினும் நோயாளியைப் பெரும்பாலும் ஆபத்துக்குள்ளாக்குவது கசிவாகும். நோயின் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையுள்ள காலத்தில், பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில், சிலருக்கு அகவணியின் பொருத்துவாய்கள் விரிகின்றன. குருதியின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியேறி, நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் தேங்குகிறது. செங்குழியங்கள் பெரியவை ஆதலால் உள்ளேயே தங்குகின்றன. உப்பளத்தில் நீர் குறையக் குறைய உப்பின் செறிவு மிகுவது போல, குருதி தடிக்கிறது. இதனாலேயே வைத்தியர் சிறுதட்டுக்களை மாத்திரம் நோக்காது, குருதியில் செங்குழியத்தின் விகிதம் உயர்கிறதா என்பதையும் திரும்பத் திரும்ப நோக்குகின்றனர். கசிவு மிகுந்தால் நாடி தளரும். கை கால் குளிரும். குருதியின் அழுத்தம் வீழும்.

பொருத்துவாய்களை விரிப்பது எது என்பதை அண்மைக்கால ஆய்வுகள் ஓரளவு காட்டியுள்ளன. டெங்கு வைரசு வெளியிடும் என்-எசு-ஒன்று என்னும் புரதம் அகவணியை நேரே கசியச் செய்ய வல்லது என்று 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் அவுத்திரேலியாவிலும் தனித்தனியே காட்டப்பட்டது. அது கலங்களின் மேலுள்ள வெல்லப் பொருளாலான மெல்லிய போர்வையையும் அழிக்கிறது. அதே ஆண்டில் இலங்கையிலிருந்தும் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிறீ சயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் நீலிகா மலவிகேயின் குழுவினர், டெங்கு நோயாளரின் குருதியில் சிறுதட்டைத் தூண்டும் காரணி என்னும் கொழுப்புப் பொருள் மிகுவதை ஆராய்ந்தனர். அந்நோயாளரின் குருதித் தெளிவை ஆய்வுகூடத்தில் வளர்த்த அகவணிக் கலங்களின் மீது இட்டபோது, இசெட்-ஓ-ஒன்று என்னும் புரதம் குறைந்தது. நோயாளரிடம் காணப்பட்ட அளவில் அக்காரணியைத் தனியே இட்டபோதும் அது குறைந்து, கலங்களிடையே இடைவெளிகள் தோன்றின. காரணியின் செயலைத் தடுக்கும் பொருளைச் சேர்த்தபோது கேடு தணிந்தது. அடைப்பையும் சட்டத்தையும் இணைக்கும் முடிச்சு எதுவென்று மேலே கூறினோமோ, அம்முடிச்சே நம் நாட்டு நோயாளரின் குருதியால் நலிவுற்றது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அக்குழுவினர் இக்காரணியைத் தடுக்கும் ரூபாட்டடின் என்னும் ஒவ்வாமை மருந்தை நோயாளரிடம் பரிசோதித்து, 2018ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மருந்து பாதுகாப்பானதாகக் காணப்பட்டது. நோயின் சில நாள்களில் சில நன்மைகளும் தென்பட்டன. ஆயினும் கசிவை நிறுத்தும் மருந்தென்று அது நிலைநாட்டப்படவில்லை.

எனின், வைத்தியசாலையில் நோயாளிகள் பிழைப்பது எங்ஙனம்? விடை, கலத்தின் இயல்பிலேயே உள்ளது. டெங்குவில் குழாய்ச் சுவர் இடிந்து விழுவதில்லை; பொருத்துவாய்கள் நெகிழ்கின்றன. கலங்கள் உயிரோடிருந்து, கச்சையைச் சீராக்கி, சந்திகளை மீண்டும் அடைத்துக்கொள்கின்றன. கசிவின் காலம் 24 முதல் 48 மணி நேரமே. அந்நேரத்தை நோயாளி கடந்துவிட்டால், வெளியேறிய நீர் மீண்டும் குழாய்க்குத் திரும்பும். வைத்தியர் செய்வது அந்நேரத்தை வாங்கிக் கொடுப்பதாகும். நீரைக் குறைத்துக் கொடுத்தால் குருதியோட்டம் தளரும். மிகுத்துக் கொடுத்தால் அந்நீரும் கசிந்து, நுரையீரலை நெருக்கும். ஆகவே, நாடியையும் அழுத்தத்தையும் சிறுநீரின் அளவையும் அடிக்கடி அளந்து, வேண்டிய அளவே நீரேற்றுகின்றனர். கடுமையான டெங்கு தக்க பராமரிப்பின்றி விடப்பட்டால் நூற்றுக்கு இருபதின்மருக்கு மேலும் மடியக்கூடும் என்றும், தக்க பராமரிப்பில் ஒருவருக்கும் குறைவாகவே மடிவர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. இவ்வேறுபாட்டை உண்டாக்குவது வைரசைக் கொல்லும் மருந்தன்று. காலத்தே செய்யும் கவனிப்பே.

இதனால் இல்லத்தார் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. காய்ச்சல் விட்ட நாள், கவலை விட்ட நாள் அன்று. பிள்ளையின் உடல் குளிர்ந்தது கண்டு மகிழ்ந்து, பாடசாலைக்கு அனுப்புவதும் விளையாட விடுவதும் ஆகாது. கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் முரசிலோ மூக்கிலோ குருதி, மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகிய குறிகளுள் ஒன்று தோன்றினும், கணமும் தாழ்க்காது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மாத்திரமே உரிய அளவில் கொடுக்கலாம்; அசுப்பிரின், ஐபுபுரோபன் போன்றவை குருதிப் பெருக்கைத் தூண்டுவன ஆதலால் விலக்கத்தக்கவை. பப்பாசி இலைச்சாறு தேடி அலைந்து, சிகிச்சைக்குரிய மணித்தியாலங்களை இழத்தலும் ஆகாது.

நோய் வருமுன் காத்தல் இதனினும் மேலானது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின், சிரட்டையிலும் பழைய வாகனச் சக்கரத்திலும் மூடாத நீர்த்தொட்டியிலும் தேங்கும் தெளிந்த நீரே டெங்கு நுளம்பின் பிறப்பிடம். கைவிடப்பட்ட வள்ளத்தின் உள்ளே நின்ற மழைநீரும் அதற்குப் போதும். வாரந்தோறும் ஒரு முறை அந்நீரைக் கவிழ்ப்பது, ஒரு சிறுவனும் செய்யக்கூடிய வேலை.

கண்ணுக்குத் தெரியாத கலமொன்று, தன்னுள் ஓடும் இழையைத் தளர்த்தியும் இறுக்கியும், அயற்கலத்தின் பிடியை விடாது, நம்மை இமைப்பொழுதும் காத்து நிற்கிறது. அது தளரும் இரண்டு நாளில் அதனைத் தாங்கி நிற்பது வீட்டாரின் விழிப்பும் வைத்தியரின் அளவறிந்த பணியுமே. அவ்விரண்டு நாளும் தவறாது காக்கப்பட்டால், பழுதைக் கலம் தானே திருத்திக்கொள்ளும்.